இணைப்பு விமானமும் பயணியின் பெட்டியும்

கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியான பள்ளுருத்தியில் குடியிருப்போருக்கு ஒரு காலத்தில் விமான நிலையம் மிக அருகில் இருந்தது. தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தால் வெல்லிங்டன் தீவு. அங்கே கடற்படைக்குச் சொந்தமான ஓடுதளத்தில் உள்நாட்டு விமானங்கள் வந்து சென்றன. ஆனால் பன்னாட்டுப் போக்குவரத்துக்குரிய பெரிய விமானங்களுக்கு அந்த ஓடுதளம் போதுமானதாக இல்லை. எனவே வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்களில் பலர் முதலில் பம்பாய்க்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கு உள்நாட்டு விமானங்கள் சாந்தாகுரூஸ் முனையத்திலும், பன்னாட்டு விமானங்கள் 1981-இல் திறக்கப்பட்ட சகார் முனையத்திலும் இயங்கின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியாகத்தான் செல்ல வேண்டும். இடைப்பட்ட அந்தத் தொலைவில் சாமான்களுக்குப் பொறுப்பேற்றவர் பயணி ஒருவரே.

வெளிநாடு வாழ் இந்தியர்களின் முதலீட்டையும் மாநில அரசின் பங்கையும் கொண்டு அமைந்த நெடும்பாசேரி விமான நிலையம் 1999 மே 25-இல் திறக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் போக்குவரத்தைத் தொடங்கியது. பள்ளுருத்திக்கு விமான நிலையம் தொலைவாகிவிட்டது. துபாய் அருகில் வந்துவிட்டது. எனினும் கொச்சியிலிருந்து நேரடி விமானம் இல்லாத ஊர்கள் இன்றும் எத்தனையோ உள. டொரண்டோவுக்குச் செல்லும் மாணவரும், ஐரோப்பாவுக்குச் செல்லும் செவிலியரும் துபாயிலோ தோகாவிலோ தில்லியிலோ விமானம் மாறியே ஆகவேண்டும். பயணி மாறுவது எளிது. அவருக்குக் கண்ணும் காலும் இருக்கின்றன. அவரது பெட்டி எவ்வாறு மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பத்து இலக்கங்களின் பயணம்

செக்-இன் முகப்பில் பெட்டியை எடை போட்டு ஒரு பட்டைச் சீட்டைக் கட்டுகிறார்கள். அதில் பெரிய எழுத்துகளில் இருப்பது பெட்டி சென்று சேர வேண்டிய ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு. கொச்சிக்குரியது சி-ஓ-கே. ஊழியர் படிப்பது இதனை. இயந்திரம் படிப்பதோ பட்டைக்கோடுகளில் அடங்கிய பத்து இலக்க எண்ணை. அந்த எண்ணில் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு அது 098. இறுதி ஆறு இலக்கங்கள் அந்தப் பெட்டிக்கே உரியவை.

அந்த எண்ணுக்குள் பயணியின் பெயரோ வழித்தடமோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை தனியே ஒரு மின் செய்தியாக இடைமாற்று நிலையத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே பெட்டி ஓடுபட்டையில் ஏறியதும் ஒளிக்கருவி எண்ணைப் படிக்கிறது. கணினி செய்தியைத் தேடி எடுத்து, எந்த விமானத்துக்குரிய சரிவில் தள்ளுவது என்று முடிவு செய்கிறது. செய்தி வராவிடில், அல்லது சீட்டு கிழிந்து எண் படிக்க இயலாவிடில், பெட்டி ஒரு புறமாக ஒதுக்கப்பட்டு மனிதக் கண்ணுக்காகக் காத்திருக்கும். முன் பயணத்தின் பழைய சீட்டைக் கிழிக்காமல் விட்டுவைக்கும் நம் பழக்கம் இயந்திரத்துக்கு இரண்டு எண்களைக் காட்டி அதனைக் குழப்புகிறது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வரையறுக்கப்பட்டுள்ளது. பெட்டியை இறக்கி, பரிசோதித்து, பிரித்து, மறு விமானத்தில் ஏற்ற ஆகும் காலமும் இதனுள் அடங்கும். முதல் விமானம் தாமதித்தால் பயணி ஓடிச்சென்று இரண்டாம் விமானத்தைப் பிடித்துவிடக்கூடும். பெட்டியால் ஓட முடியாது. விமானப் போக்குவரத்துத் தகவல் நிறுவனமான சீதாவின் ஆண்டறிக்கையின்படி, 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறின. 2023-இல் இது 6.9 ஆகக் குறைந்தது. முன்னேற்றம் பெரிதே. ஆனால் 2023-இல் தவறியவற்றுள் 46 விழுக்காடு விமானம் மாறும் இடத்தில் தவறியவை. பொறுப்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடமே பலவீனமான இடம். நிர்வாகத்தில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது. கோப்புகளும் அவ்விதமே காணாமற்போகின்றன!

இக்காரணம் பற்றியே பெட்டியை நான்கு இடங்களில் பதிவு செய்ய வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 2018 ஜூன் முதல் தன் உறுப்பு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பயணியிடமிருந்து பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடைமாற்றத்தின்போது, இறுதியில் திருப்பித் தரும்போது என்பன அவை.

1985-இன் படிப்பினை

பெட்டியும் பயணியும் பிரிவதில் அசௌகரியத்தினும் பெரிய அபாயம் உண்டு. 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவரில் ஒருவர், டொரண்டோ செல்லும் விமானத்துக்குரிய முகப்பில் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். டொரண்டோவிலிருந்து புறப்படும் ஏர் இந்தியா விமானத்தில் அவருக்கு இடம் உறுதியாகவில்லை. காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தார். எனினும் அவர் வற்புறுத்தவே, பெட்டி நேரே ஏர் இந்தியாவுக்கு மாறும்படி சீட்டுக் கட்டப்பட்டது. பெட்டி சென்றது, அவர் செல்லவில்லை. மறுநாள் அயர்லாந்துக்கு அப்பால் கடலின் மேல் ‘கனிஷ்கா’ வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். அதே வான்கூவரிலிருந்து தோக்கியோ வழியே பாங்காக் செல்லும் ஏர் இந்தியா விமானத்துக்கென அனுப்பப்பட்ட மற்றொரு பெட்டி, நரிதா நிலையத்தில் இடைமாற்றத்தின்போது வெடித்து இரு ஊழியர்களைக் கொன்றது. இரண்டுமே இணைப்பு விமானத்துக்கான பெட்டிகள்.

ஏறாத பயணியின் பெட்டியை விமானத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்ற விதி இதன் பின்னரே உலகெங்கும் உறுதிபெற்றது. ஒருவர் வரவில்லையென்று விமானம் அரை மணி நேரம் நிற்கும்போது சலித்துக்கொள்வோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் ஒரு தடை

கொச்சியிலிருந்து மும்பை வழியே லண்டனுக்கு ஒரே பயணச்சீட்டில் செல்பவரின் பெட்டி பொதுவாக நேரே லண்டனுக்குச் சென்றுவிடும். திரும்பும்போது அவ்வாறன்று. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, சாமானில் உள்ளவை பற்றி அதன் உரிமையாளர் அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே, சில தனி ஏற்பாடுகள் நீங்கலாக, பயணி இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்து, சுங்கப் பரிசோதனை முடித்து, மீண்டும் உள்நாட்டு விமானத்துக்கு ஒப்படைக்க வேண்டும். சீட்டில் கொச்சி என்று எழுதியிருப்பதை நம்பி நேரே அடுத்த விமானத்துக்குச் செல்பவரின் பெட்டி மும்பையில் சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவிலும் முதல் நிலையத்திலேயே பெட்டியை எடுத்தாக வேண்டும் என்பதால் இதனை நம் நாட்டுக் குறை என்று மட்டும் சொல்வதற்கில்லை. ஆயினும் இவ்விதி இந்தியப் பயணியிடம் முறையாக அறிவிக்கப்படுவதில்லை என்பது என் கருத்து.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். ரியாத்தில் பணிபுரியும் பள்ளுருத்தி இளைஞர் ஒருவர், கொச்சி வரை ஒரே பயணச்சீட்டு வாங்காமல், மும்பை வரை ஒரு நிறுவனத்திலும் அங்கிருந்து வேறொரு நிறுவனத்திலும் தனித்தனிச் சீட்டு வாங்கிச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று கொள்வோம். முதல் விமானம் 2 மணி நேரம் தாமதிக்கிறது. குடிநுழைவு, பெட்டிக்குக் காத்திருத்தல், சுங்கம், முனைய மாற்றம் எல்லாம் முடித்து அவர் முகப்பை அடையும்போது உள்நாட்டு செக்-இன் மூடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவர். இரண்டாம் நிறுவனத்துக்கு அவர் நேரந்தவறி வந்தவர் மட்டுமே. முதல் நிறுவனமோ மும்பையுடன் தன் கடமை முடிந்தது என்கிறது. அன்றைய விலைக்குப் புதிய சீட்டு வாங்க வேண்டியதுதான்.

ஆக, ஒரே சீட்டின் கூடுதல் விலையில் காப்பீடு ஒன்று மறைந்திருக்கிறது. அதனை வாங்காதவர் இடர்ப்பாட்டைத் தாமே ஏற்கிறார். இதில் தவறில்லை, அறிந்து செய்தால். ஆனால் அதிகம் அறியாதவரும், கையிருப்புக் குறைந்தவருமே மலிவான வழியை நாடுகின்றனர். இழப்பைத் தாங்கும் வலிமை குறைந்தவர் மீதே இழப்பு விழுகிறது. விலைப்பட்டியலில் இரு சீட்டுகளும் அடுத்தடுத்துத் தோன்றும்போது, எதில் இணைப்புப் பொறுப்பு உண்டு, எதில் இல்லை என்பதை விற்பவர் தெளிவாக எழுதுமாறு விதித்தால் அரசுக்கு ஒரு காசும் செலவில்லை.

இழப்பு நேர்ந்தபின் உரிமைகள் சில உள. 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் இணைந்தது. பன்னாட்டுப் பயணம் பல நிறுவனங்களின் வழியே ஒரே பயணமாக நடந்திருந்தால், பெட்டியை இழந்த பயணி முதல் நிறுவனத்தையோ, இறுதி நிறுவனத்தையோ, இழப்பு நேர்ந்த கட்டத்துக்குரிய நிறுவனத்தையோ பொறுப்பாக்கலாம். யாரிடம் தொலைந்தது என்று அவர் துப்பறிய வேண்டியதில்லை. சேதத்துக்குப் பெட்டி கிடைத்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும். வழக்குத் தொடுக்க 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவல் பயணம் முடித்து நான் திரும்பியபோது என் பெட்டி வரவில்லை. முகப்பில் இருந்த பெண்மணி பெட்டியின் எண்ணைக் கேட்டார். அந்த எண் எழுதிய சிறு துண்டு போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டப்பட்டிருந்தது. அதனை நான் இடைமாற்று நிலையத்தில் தேநீர்க் கோப்பையுடன் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன். பெயரை வைத்துத் தேடியதில் ஐந்து நாட்கள் சென்றன. புகாரைச் சாமான் கூடத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே பதிவு செய்து நகல் பெற்றுக்கொள்ளுமாறு அந்தப் பெண்மணி சொல்லியிராவிடில் அதுவும் நடந்திராது.