இலை மஞ்சளாவதற்குக் கைராசி காரணமல்ல

கடந்த மாசி மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய பன்னிரண்டு மிளகாய்ப் பைகளையும் வேலியோரம் கவிழ்த்துக் கொட்டினார். "எனக்குக் கைராசி இல்லைப் பிள்ளை. நட்டது எல்லாம் மஞ்சளாப் போகுது" என்றார். ஒரு வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் கிடைத்த பைகள் அவை. பை, தும்புச்சோறு, நாற்று, பசளை எல்லாம் கொடுத்திருந்தார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கொட்டப்பட்ட செடிகளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் என்னுடைய தக்காளியும் இப்படித்தான் போனது. நானும் முதலில் பசளை போதவில்லை என்று நினைத்துப் பசளையைக் கூட்டினேன். பிறகு அடுப்புச் சாம்பலைப் போட்டேன். இரண்டுமே நோயைக் கூட்டின. மண் இல்லாத கலவையில் பயிர் செய்பவர்கள், அதுவும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுபவர்கள், தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அப்பாவுக்குச் செம்மண் தோட்டம் இருந்தது. இன்று எனக்கு இருப்பது ஒரு சீமெந்து முற்றம். காணி விடுவிக்கப்படாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், மிதிவெடி அகற்றும் வரை நிலத்தில் மண்வெட்டி போட முடியாமல் காத்திருந்தவர்கள், காலை இழந்து குனிந்து கொத்த முடியாதவர்கள் என்று பைச் செய்கைக்கு வந்தவர்கள் பலர். மேசை உயரத்தில் பையை வைத்தால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே களை பிடுங்கலாம். ஆனால் பையும் தோட்டக்காணியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

மண் பொறுக்கும், பை பொறுக்காது

அப்பா பசளையைக் கையால் அள்ளி வீசுவார். ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் பயிர் வளர்ந்தது. காரணம், நிலத்தில் களி இருக்கிறது, சேதனப் பொருள் இருக்கிறது, வேர் ஓடித் தேட இடமும் இருக்கிறது. கூடியதை மண் பிடித்து வைத்துப் பிறகு கொடுக்கும். பத்து லீற்றர்ப் பைக்குள் அந்த வசதி இல்லை. தும்புச்சோறு ஈரத்தையும் காற்றையும் நன்றாக வைத்திருக்கும். சோறு என்ற பெயர் இருந்தாலும் அதில் பயிருக்கான சாப்பாடு மிகக் குறைவு. நைதரசன் இல்லையென்றே சொல்லலாம். புதிய தும்புச்சோறாக இருந்தால், அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நாம் போடும் நைதரசனிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே பையில் நடக்கும் நன்மை தீமை இரண்டுக்கும் காரணம் நாம் ஊற்றுவதும் போடுவதும்தான்.

பிஎச் என்ற எண்

ஒரு கலவை அமிலமா காரமா என்று சொல்லும் எண்தான் பிஎச். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம். 5.5 இல் இருந்து 7.5 இற்குப் போனால் அமிலத்தன்மை நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

நிலத்துப் பயிருக்கு 6 முதல் 7 வரை நல்லது. மண் இல்லாத கலவைக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக, 5.5 முதல் 6.5 வரை வேண்டும். 7 ஐத் தாண்டினால் இரும்பு, மங்கனீசு, நாகம் போன்றவை கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். அவை பைக்குள்ளேயே கிடக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாது. பூட்டிய பெட்டிக்குள் அரிசி இருப்பது போன்ற நிலை அது. மேலும் அரிசி வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பிரயோசனம் இல்லை. நான் பசளையைக் கூட்டியதும் அக்கா பசளையைக் கூட்டியதும் அந்த வேலைதான்.

கிணறு தினமும் போடும் சுண்ணாம்பு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். அது மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதனால் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் பைகாபனேற்றும் கூடுதலாக இருக்கின்றன. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனால்தான்.

கல்சியம் பயிருக்கு வேண்டியது. பைகாபனேற்றுத்தான் பிரச்சினை. அது கலவையிலுள்ள அமிலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமனான காரத்தன்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைக்குத் தினமும் ஒரு லீற்றர் ஊற்றினால், 90 நாட்களில் 27 கிராம். கொஞ்சம் வடிந்து போனாலும், மிகுதி பைக்குள்தான். ஒருவரும் சுண்ணாம்பு போடவில்லை, ஆனாலும் பையில் சுண்ணாம்பு சேர்ந்துவிட்டது. நடும்போது 6 ஆக இருந்த கலவை பூக்கும் காலத்தில் 7.5 ஆவதற்கு இதுவே காரணம். முதல் மாதம் செடி செழிப்பாக நின்று, பிறகு மஞ்சளாவதும் இதனால்தான்.

இதற்குமேல் அடுப்புச் சாம்பலைப் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுவது. சாம்பலில் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஆனால் அது கடும் காரம். முட்டைக்கோதும் மெதுவாக அதே திசையில்தான் தள்ளும். அமிலமான மண்ணுக்கு உதவும் இந்த வழக்கங்கள் எங்கள் தண்ணீரோடு சேரும்போது கெடுதல் செய்கின்றன.

நடுவதற்கு முன்னர்

தென்னம்மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் தும்புச்சோற்றில் சோடிய உப்புச் சேர்ந்திருக்கும். பொட்டாசியமும் இயல்பாகவே அதிகம். இவை இரண்டும் தும்புச்சோற்றில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு நாம் கொடுக்கும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தம் இடத்தில் பிடித்து வைத்துவிடும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தும்புச்சோற்றை ஊறவைத்து, வடியும் தண்ணீரின் கடும் நிறம் குறையும் வரை மூன்று தடவையாவது கழுவ வேண்டும். இதற்குச் சவர் இல்லாத கிணற்றுத் தண்ணீர் நல்லது. அதிலுள்ள கல்சியம் சோடியத்தின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொள்ளும். வசதியுள்ளவர்கள் 5 கிலோக் கட்டிக்குச் சுமார் 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஒருதடவை கழுவலாம்.

நான் இப்போது பயன்படுத்தும் கலவை, கழுவிய தும்புச்சோறு மூன்று பங்கு, நன்கு உக்கி அரித்தெடுத்த கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரி கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாக எரிந்திருந்தால் காரம் கூடிவிடும். டொலமைற் போடச் சொல்லி ஆலோசனை கிடைக்கும். மென்மையான தண்ணீருள்ள மலையகத்துக்கு அது பொருந்தும். சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் போடவே வேண்டாம்.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது?

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. செடியின் எந்த இலை, இலையின் எந்தப் பகுதி என்று பாருங்கள்.

அடியிலுள்ள பழைய இலை முழுவதுமாக வெளிறினால் நைதரசன் குறைவு. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. நுனியிலுள்ள இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு கிடைக்கவில்லை, பெரும்பாலும் பிஎச் ஏறிவிட்டது. இலையின் ஓரமும் நுனியும் கருகினால் உப்புச் சேர்ந்துவிட்டது. அக்காவின் மிளகாயில் மஞ்சள் நுனியில்தான் தொடங்கியிருந்தது.

வீட்டிலேயே அளக்கலாம்

கண்ணால் பார்ப்பது சந்தேகத்தைத் தரும், அளந்தால்தான் நிச்சயம். பிஎச் தாள் போதும். வழமைபோலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு பையின் கீழே ஒரு தட்டை வைத்து, ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் மழைநீரை மெதுவாக ஊற்றுங்கள். மழைநீர் இல்லையென்றால் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் உதவும். தட்டில் வடிவது பைக்குள் வேரைச் சுற்றியிருந்த தண்ணீர். அதில் தாளைத் தோய்த்துப் பாருங்கள்.

நாலைந்து வீடுகள் சேர்ந்து மின்கடத்துதிறன் அளக்கும் பேனை ஒன்றை வாங்கினால் இன்னும் நல்லது. அது கரைந்துள்ள உப்பின், அதாவது பசளையின், மொத்த அளவைக் காட்டும். இப்படி வடித்த தண்ணீரில் மிளகாய், தக்காளிக்கு 2 முதல் 3.5 மில்லிசீமன் வரை இருக்கலாம். 1 இற்குக் கீழே என்றால் செடி பசியோடு இருக்கிறது. 4.5 ஐத் தாண்டினால் வேர் கருகும். இரண்டு கிழமைக்கு ஒருதடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாள் அளவைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

திருத்துவது எப்படி?

பிஎச் 6.8 ஐத் தாண்டியிருந்தால் முதலில் சாம்பல், முட்டைக்கோது, சுண்ணாம்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அடுத்தது தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் பாதிக்கு மழைநீர் கலந்தால் காரத்தன்மையும் பாதியாகும். செலவில்லாத மருந்து இது. மூன்றாவதாக, நைதரசனுக்கு அமோனியம் சல்பேற்றைப் பயன்படுத்தலாம். ஒரு லீற்றருக்கு ஒரு கிராம், இரண்டு கிழமைக்கு ஒருதடவை. வேர் அமோனியத்தை எடுக்கும்போதும், நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும்போதும் அமிலம் வெளிவரும். வெளிறிய செடிக்கு உடனடி உதவியாக, ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் பெரசு சல்பேற்றைக் கரைத்து மாலையில் இலைக்குத் தெளிக்கலாம். ஏற்கனவே மஞ்சளான இலை முழுதாகத் தேறாது. புதிதாக வரும் இலையைப் பாருங்கள்.

தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் பிஎச்சைக் குறைக்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு முடித்ததும் பழைய நிலை திரும்பிவிடும். அவற்றை நம்பி இருக்க வேண்டாம்.

மறுபுறமாக, மழைநீரையும் அமோனியப் பசளையையும் மட்டும் தொடர்ந்து பயன்படுத்தி பிஎச் 5.3 இற்குக் கீழே போய்விட்டால், பத்து லீற்றர்ப் பைக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைற் போட்டுச் சில கிழமைகள் பொறுத்திருங்கள். அல்லது சில நாட்களுக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுங்கள். எங்களுக்கு அது சுலபம்.

கரையும் பசளையைக் கிழமைக்கு ஒருதடவை லீற்றருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கொடுங்கள். அதை இரண்டாகப் பிரித்து, அரைக் கிராமாக இரண்டு தடவை கொடுத்தால் இன்னும் நல்லது. காய்ந்த பைக்குப் பசளைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. முதலில் வெறும் தண்ணீர், பிறகு பசளை. உப்புக் கூடியிருந்தால் பையின் கொள்ளளவைப் போல ஒரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். கரையோரச் சவர்க் கிணறாக இருந்தால் அந்தத் தண்ணீரால் கழுவிப் பயன் இல்லை. மழைநீர்தான் வேண்டும்.

வடியும் தண்ணீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். வலிகாமத்தின் பல கிணறுகளில், குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேல் நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. வடிவதை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள்.

வீணாகும் பசளை

யுத்த காலத்தில் வன்னிக்கு யூரியா கொண்டுபோகத் தடை இருந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, அந்த வருடக் கார்த்திகையில்தான் தடை நீங்கியது. அதன்பின் வந்த நெருக்கடியில் விலை எங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. பசளையின் அருமை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிஎச் 7.5 இல் நிற்கும் பையில் போடும் பசளையில் ஒரு பங்கு வேருக்குப் போய்ச் சேராது. அந்தக் காசு வடிந்து போகிறது. வாழ்வாதாரத் திட்டம் நடத்துபவர்கள் பையோடு ஒரு கட்டு பிஎச் தாளையும், தண்ணீர் பற்றிய அரை மணித்தியால விளக்கத்தையும் கொடுத்தால் கொட்டப்படும் பைகள் குறையும். கொடுக்கவில்லையென்றால் நாமே கேட்க வேண்டும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே கொடுக்கலாம் என்றும் விசாரியுங்கள்.

அக்கா கொட்டிய தும்புச்சோற்றை நாங்கள் இருவரும் அள்ளிக் கழுவினோம். வடிநீரில் தாள் 7.5 இன் நிறத்தைக் காட்டியது. அதை அவரிடமே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இது தண்ணி செய்த வேலையே?" என்றார். அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுக் கூரைப் பீலியின் கீழே ஒரு பழைய பரலை வைக்கச் சொன்னார். பங்குனி மழையில் அது அரைவாசி நிரம்பியது. பன்னிரண்டில் ஒன்பது பைகளில் மிளகாய் காய்த்தது.

ஐப்பசி மழைக்கு முன்னர் உங்கள் கூரையின் கீழும் ஒரு பரலை வையுங்கள். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிப் போன பிறகு பிடிக்கத் தொடங்குங்கள், மூடியும் போடுங்கள். நுளம்பு முட்டையிடாது.