உங்களுக்குத் தெரியுமா? வறண்ட இடத்தில் வேர் கிளைப்பதில்லை

மண்ணுக்குள் இறங்கும் வேர் வழியில் ஒரு மண்புழு வளையிலோ வெடிப்பிலோ நுழைந்துவிட்டால், அந்தக் காற்று இடைவெளியில் பக்கவேர் விடுவதை நிறுத்திக்கொள்கிறது. மறுபுறம் ஈரமண்ணைத் தொட்டதும் மறுபடி கிளைக்கத் தொடங்குகிறது. நரம்போ மூளையோ இல்லாத வேர்நுனிக்கு இது எப்படித் தெரிகிறது?

நீர் ஓடும் திசைதான் விடை. ஈரமண்ணில் நீர் வெளியிலிருந்து வேரின் உட்பகுதிக்குப் போகும். பக்கவேரைத் தூண்டும் ஆக்சின் ஹார்மோனும் கூடவே உள்ளே போகும். வெளியே நீர் கிடைக்காதபோது, இலையிலிருந்து சர்க்கரையை இறக்கும் புளோயம் குழாய்களே நுனிக்கு நீரையும் கொடுக்கின்றன. அப்போது ஓட்டம் உள்ளிருந்து வெளிப்புறமாகிவிடுகிறது. அதோடு வரும் அப்சிசிக் அமிலம் என்ற வறட்சி ஹார்மோன், செல்களை இணைக்கும் நுண்துளைகளை அடைக்கிறது. ஆக்சின் உள்ளே போக வழியில்லை, கிளைப்பு நிற்கிறது. நீரோட்டமே செய்தியாகவும் இருப்பது எத்தனை நேர்த்தி! நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கியது.

வேரின் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தைத் தொட்டால், பக்கவேர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே முளைக்கும். நெல்லும் மக்காச்சோளமும் இப்படித்தான்.