யார், யாருக்கு? - இதழியல் முதுகலைப் படிப்பை முன்வைத்துச் சில கேள்விகள்

“அண்ணே, ஜர்னலிசத்துல எம்.ஏ. சேரலாம்னு இருக்கேன். ஏதாவது பிரயோஜனம் இருக்குமா?” - வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டார். வரலாற்றில் பி.ஏ. முடித்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. உடனே தோழர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். “பத்திரிகைத் தொழில் தெருவுல கத்துக்கிறது, வகுப்புல இல்ல” என்றார் ஒருவர். “பட்டம் இல்லாம போனா இன்னிக்கு வாசல்லயே நிறுத்திடுவான்” என்றார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைகளை வைத்துக் கொண்டு ஒரு பெண்ணின் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிக்க முடியாது. எனவே அந்தப் படிப்பையே ஒரு பிரதியாக எடுத்துக் கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் அது என்ன என்பது. இரண்டு ஆண்டு, நான்கு பருவம். பெரும்பாலான பல்கலைக் கழகங்களில் எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். தொடர்பியல் கோட்பாடுகள், பத்திரிகை வரலாறு, ஊடகச் சட்டமும் அறமும், வளர்ச்சித் தொடர்பியல், ஆய்வு முறைகள் என்று ஒரு பக்கம். செய்தி சேகரிப்பு, பிழை திருத்தம், வானொலி, தொலைக்காட்சி, இணையம், விளம்பரம், மக்கள் தொடர்பு என்று இன்னொரு பக்கம். நடுவில் ஏதாவதொரு ஊடகத்தில் சில வாரப் பயிற்சி, கடைசியில் ஓர் ஆய்வேடு. ஒன்றைக் கவனியுங்கள்: செய்தியைத் தோண்டி எடுக்கிறவரும், ஒரு கம்பெனிக்காகச் செய்தியை மூடி வைக்கிற மக்கள் தொடர்பு அலுவலரும் ஒரே பெஞ்சிலிருந்துதான் எழுந்து போகிறார்கள். ‘வெகுசனத் தொடர்பியல்’ என்ற பெயர் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது.

அப்புறம், பத்திரிகையாளராக இருக்க இந்தியாவில் பட்டம் சட்டப்படியான தேவை அல்ல. 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தபோது அது வேலையை வைத்துத்தான் பத்திரிகையாளரை வரையறுத்ததே தவிரப் படிப்பை வைத்து அல்ல. 2013-இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் தலைவராயிருந்த மார்க்கண்டேய கட்ஜு, குறைந்தபட்சக் கல்வித் தகுதி ஒன்றை நிர்ணயிக்க வேண்டுமென்று குழு அமைத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வரலாறு வேறு நம் பக்கம் இருக்கிறது என்று தோழர்கள் சொல்வார்கள். இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893-இல். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907-இல். பெரியாரின் ‘குடி அரசு’ 1925-இல். லாகூரில் பஞ்சாப் பல்கலைக் கழகம் இதழியல் துறையைத் தொடங்கியதே 1941-இல்தான். சென்னைப் பல்கலைக் கழகம் 1947-இல். பட்டத்தை நம்பி யாரும் பத்திரிகை நடத்தவில்லை. உண்மைதான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. அவர்கள் யாரிடமும் வேலை கேட்டுப் போகவில்லை. தாங்களே பத்திரிகை நடத்தினார்கள். இந்தப் பெண் வேலை கேட்டுப் போக வேண்டியவர். வாசலில் நிற்கிறவரிடம் போய் ‘பண்டிதர் பட்டமா வாங்கினார்?’ என்று கேட்பது நமக்குச் சுலபம்.

சரி, வாசலுக்குள் என்ன சொல்லித் தருகிறார்கள்? முதல் பருவத்தின் முதல் சில வகுப்புகளிலேயே ஹெரால்ட் லாஸ்வெல் வந்துவிடுவார். 1948-இல் அவர் எழுதிய சூத்திரம் இது: யார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு? தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி என்பதால் மாணவர்கள் மனப்பாடம் பண்ணி விடுகிறார்கள். லாஸ்வெல் 1927-இல் வெளியிட்ட நூல் முதல் உலகப் போரின் பிரச்சார உத்திகளைப் பற்றியது என்பதை ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். ‘விளைவு’ என்பது போர்க்காலத்தின் கவலை: நாம் சொன்னதை அவன் நம்பினானா இல்லையா? இந்த அறிவுத்துறை பிறந்த அறை அது. இருக்கட்டும். அந்த ஐந்து கேள்விகளையும் திருப்பிப் போட்டு இந்தப் படிப்பிடமே கேட்போம்.

யார்? வகுப்பறையில் ‘யார்’ என்றால் ‘அனுப்புநர்’. ஓர் ஆசிரியர், ஒரு நிறுவனம். அவருக்குச் சாதி கிடையாது, பால் கிடையாது. ஆனால் 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஓர் எளிய காரியம் செய்தார். வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் தாம் பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டச் சொல்ல, தம் முப்பதாண்டு அனுபவத்தில் அப்படி ஒருவரைத் தாம் சந்தித்ததே இல்லை என்பது உனியாலுக்கு உறைத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுத்தார். 454 பேர் சாதிப் பெயரோடு இருந்தார்கள். அவர்களில் 240 பேர் பிராமணர்கள். மிச்சமிருந்தவர்களில் சிலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஒருவர் கூடத் தலித் இல்லை. பத்தாண்டு கழித்து, 2006-இல், யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் மூவரும் டெல்லியிலுள்ள 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதமான இந்து உயர்சாதி ஆண்கள் அங்கே 71 சதவீதம். தலித், ஆதிவாசி ஒருவர் கூட இல்லை. 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம்; தலித், ஆதிவாசி அப்போதும் பூஜ்யம். ‘அனுப்புநர்’ என்ற சொல்லின் மீது எழுதியிருக்க வேண்டிய விவரம் இது. பாடத்திட்டத்தில் இதற்கு இடம் கிடைத்தால் அது ஆசிரியர் ஒருவரின் சொந்த அக்கறையால்தான்.

என்ன? செய்தி எழுதக் கற்றுத் தருகிறார்கள். முக்கியமானது மேலே, மற்றது கீழே என்கிற தலைகீழ்ப் பிரமிடு. எந்தத் தகவலுக்கும் ‘நம்பத்தகுந்த ஆதாரம்’ வேண்டும். நல்ல விதிகள்தாம், இவற்றை ஏளனம் செய்கிறவன் நானல்ல. ஆனால் நம்பத்தகுந்தவர் யார் என்று யார் முடிவு பண்றது? தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத் தேடுதல் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. அரசுத் தரப்பு மறுத்தது. பழங்குடிப் பெண்களின் வாய்மொழி ஒரு பக்கம், அதிகாரிகளின் கையெழுத்திட்ட மறுப்பு மறுபக்கம். வகுப்பறை விதிப்படி எது ‘ஆதாரம்’, எது ‘குற்றச்சாட்டு’? பழங்குடியினர் அமைப்பும் இடதுசாரிகளும் விடாமல் போராடி, வழக்கு நடந்து, 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களின் சொல் ‘ஆதாரம்’ ஆவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. சரிபார்த்தல் வேண்டாம் என்பதல்ல இதன் பாடம். அதிகாரியின் காகிதத்தையும் அதே கறாரோடு சரிபார்க்க வேண்டும் என்பதே.

எந்த வழியாக? ஆங்கிலம் வழியாக. பாடநூல், கருத்தரங்கு, நேர்காணல் எல்லாம் பெரும்பாலும் அதில்தான். ஆனால் தமிழ் நாளேட்டின் மேசையில் உட்காருகிற உதவி ஆசிரியரின் வேலையில் பெரும்பங்கு, ஏஜென்சி அனுப்புகிற ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது. மொழிபெயர்ப்பை ஒரு தீவிரமான பயிற்சியாக வைக்கிற பாடத்திட்டம் அபூர்வம். 1942-இல் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தமிழைச் செய்தி மொழியாக்கினார். அவருடைய அரசியலோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம்; ஆனால் மொழியில் அவர் செய்தது என்ன என்பதை ஆராய வேண்டிய இடம் பல்கலைக் கழகம்தானே? இன்னொரு ‘வழி’யும் உண்டு: பயிற்சிக் காலம். பல இடங்களில் சம்பளம் கிடையாது. நகரத்தில் தங்கிச் சாப்பிட வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். வருகிறவர்கள் தாக்குப் பிடிக்கிறார்கள். வராதவர்கள் ஊர் திரும்புகிறார்கள். வடிகட்டுவது நுழைவுத் தேர்வு மட்டுமல்ல.

யாருக்கு? இங்கேதான் ‘வளர்ச்சித் தொடர்பியல்’ என்னும் தாள் வருகிறது. டேனியல் லெர்னர் 1958-இல் எழுதிய நூலில் பால்கட் என்ற துருக்கியக் கிராமத்தின் மளிகைக் கடைக்காரர் நவீன மனிதராகவும், ஊர்த்தலைவர் மரபின் எச்சமாகவும் நிற்கிறார்கள். ஊடகம் வந்தால் மனம் மாறும், மனம் மாறினால் நாடு முன்னேறும். இந்தப் பார்வையின் இன்னொரு பெயர் வில்பர் ஷ்ராம். 1965-இல் டெல்லியில் மத்திய அரசு அமைத்த இந்திய வெகுசனத் தொடர்பியல் நிறுவனம், ஷ்ராம் தலைமையில் ஃபோர்டு நிதி நிறுவனமும் யுனெஸ்கோவும் அனுப்பிய வல்லுநர் குழுவின் பரிந்துரையில் உருவானது. அதன் தொடக்ககாலப் பயிற்சியும் முக்கியமாக அரசின் தகவல் துறை அதிகாரிகளுக்குத்தான். ஆக, மக்கள் இங்கே பேசுகிறவர்கள் அல்ல, ‘பெறுநர்கள்’. மருந்து சாப்பிட வேண்டியவர்கள்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ‘சைட்’ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனை. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு விவசாயமும் குடும்ப நலமும் ஒளிபரப்பானது. வளர்ச்சித் தொடர்பியல் தாளில் அது பெருமைக்குரிய அத்தியாயம். அதே 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அது சட்டமும் அறமும் தாளில் வரும். நாட்டின் வாயைக் கட்டிவிட்டு அதன் காதுக்கு நல்லதைச் சொல்லிக் கொண்டிருந்த ஒரே ஆண்டு, பாடத்திட்டத்தில் இரண்டு தாள்களாகப் பிரிந்து, இரண்டு தேர்வுகளில் இரண்டு கேள்விகளாகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் என்ன தெரியும்? அதைத்தான் நாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

என்ன விளைவு? சிலருக்கு வேலை. பலருக்கு மக்கள் தொடர்பு, விளம்பரம். எல்லோருக்குமான ஒரு விளைவும் உண்டு: தன் தெருவையே ஒரு ‘கவரேஜ் ஏரியா’வாகப் பார்க்கிற பழக்கம். அந்தக் கண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாற்றாக ஏதும் இல்லாமலில்லை. 2002-இல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் தொடங்கிய ‘கபர் லஹரியா’வை நடத்தியவர்கள் கிராமப்புறப் பெண்கள், தலித் பெண்கள் பலர். அதிகம் பள்ளி போகாதவர்களும் பயிற்சி பெற்று நிருபர் ஆனார்கள், தங்கள் புந்தேலி மொழியில் எழுதினார்கள். தொழில் கற்றுக் கொள்ளக் கூடியது என்பதையும், கற்றுத் தர வேண்டியது என்பதையும் ஒருசேர நிரூபித்தது அது. ‘தெருவிலேயே வந்துவிடும்’ என்ற நம் தோழருக்கும் அதில் பதில் இருக்கிறது.

எனவே அந்தப் பெண்ணிடம் சொன்னது இதுதான். சேரு. ஆனால் பணத்துக்கு அல்ல, பட்டியலுக்காகச் சேரு: தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படி மனு எழுதுவது, நீதிமன்ற ஆவணத்தை எப்படி வாசிப்பது, அவதூறு வழக்கிலிருந்து எப்படித் தப்புவது, புள்ளிவிவரத்தை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது - இதெல்லாம் இயக்கக் கூட்டங்களில் நாம் சொல்லித் தராதவை. கோட்பாட்டு வகுப்பில் ‘அனுப்புநர்’ என்று வரும்போதெல்லாம் பெயரையும் சாதியையும் பாலையும் கேள். அப்புறம் ஆய்வேடு. வகுப்பே தருகிற அந்த ஓராண்டு, அரை ஆண்டு அவகாசத்தை ஏதோ ஒரு சீரியலின் ‘தாக்கம்’ பற்றி நூறு பேரிடம் படிவம் நீட்டி வீணடிக்காதே. உனியாலிடம் இருந்தது ஒரு பெயர்ப் பட்டியலும் ஒரு தொலைபேசியும்தான். உன் மாவட்டத்தில் எத்தனை நிருபர்கள், யார் யார், யாருக்கு மாதச் சம்பளம், யாருக்கு விளம்பரக் கமிஷன், பெண்கள் எத்தனை, சேரியிலிருந்து எத்தனை - எண்ணிவிட்டு வா.

“கைடு ஒத்துக்குவாங்களாண்ணே?” என்று கேட்டார். ஒத்துக் கொள்ளாவிட்டாலும் எண்ணலாம், அச்சிட நம் பத்திரிகைகள் இருக்கின்றன என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது: நம் பத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்களையும் அவர் அதே பட்டியலில் சேர்த்து எண்ணுவார். எண்ண வேண்டும்.