உடன்படிக்கைகளின் கதை – 5: ஆட்சியில் கையெழுத்து, எதிரணியில் எதிர்ப்பு

தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறி ஓராண்டு கடந்திருந்தது. 1957 ஆகஸ்ட் 20இல் சத்தியாக்கிரகம் தொடங்கப்போவதாகத் தமிழரசுக் கட்சி அறிவித்திருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூலை 26ஆம் திகதி, பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சியின் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அங்கே தமிழில் நிர்வாகம். காணி, குடியேற்றம் ஆகியவற்றில் சபைகளுக்கு அதிகாரம். செல்வநாயகம் கேட்டுவந்த சமஷ்டி இதில் இல்லை. ஆனாலும் அவர் போராட்டத்தைக் கைவிட்டார்.

1956 தேர்தலில் எட்டு இடங்களுக்குச் சுருங்கியிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு இதுவே மீண்டெழும் வழியாயிற்று. நாடு துண்டாடப்படுகிறது என்று சொல்லி, ஜே.ஆர். ஜெயவர்தன அக்டோபர் 4இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடவில் ஆளுங்கட்சி எம்.பி. எஸ்.டி. பண்டாரநாயக்க வீதியை மறித்தார். யாத்திரை நின்றது, பிரசாரம் நிற்கவில்லை.

1958 ஏப்ரல் 9. ரோஸ்மீட் பிளேசில் இருந்த பிரதமர் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்துவிட்டார்கள். வாய்ச்சொல்லை அவர்கள் ஏற்கவில்லை, எழுத்தில் கேட்டார்கள். ஒப்பந்தம் ரத்து என்று அன்றே எழுதிக் கொடுத்தார் பண்டாரநாயக்க. மறுமாதம் வெடித்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் தமிழர்.

அடுத்த ஏமாற்றம் 1960இல். மார்ச் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க அமைத்த அரசைக் கவிழ்க்கத் தமிழரசுக் கட்சியின் 15 வாக்குகளைப் பண்டாரநாயக்க தொடங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி நாடியது. பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவோம் என்று உறுதியளித்தது. அரசு கவிழ்ந்தது. ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 இடங்களை வென்றது. இனித் தமிழர் வாக்கு தேவையில்லை என்றானதும் உறுதியும் மறைந்தது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் செய்தவர்களை அவசரகாலச் சட்டமும் இராணுவமும் எதிர்கொண்டன.

1965 மார்ச்சில் வேடங்கள் மாறின. 66 இடங்களோடு பெரும்பான்மைக்குக் குறைந்து நின்ற டட்லி, 24ஆம் திகதி செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். மாவட்ட சபைகள், தமிழில் நிர்வாகம், வடகிழக்குக் குடியேற்றத்தில் அப்பகுதி மக்களுக்கு முன்னுரிமை. எட்டாண்டுக்கு முன் நாட்டைத் துண்டாடும் என்று எதிர்த்ததற்கு நெருங்கிய ஒன்றில் ஐக்கிய தேசியக் கட்சி கையெழுத்திட்டது. முதல் ஒப்பந்தத்தைச் செய்தவரின் கட்சியோ இப்போது வீதியில் இறங்கியது. 1956இல் தனிச் சிங்களத்தை எதிர்த்து வாக்களித்த இடதுசாரிகளும் கூடச் சேர்ந்து, டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று கோஷமிட்டார்கள். 1966 ஜனவரி 8 ஆர்ப்பாட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பிக்கு இறந்தார். மாவட்ட சபை யோசனை 1968இல் கைவிடப்பட்டது.

இந்தச் சபைகள் நாட்டைப் பிரிக்கும் என்று இரு பெரிய கட்சிகளில் ஒன்று உண்மையிலேயே நம்பியிருந்தால், ஆட்சிக்கு வந்தபின்னும் அதே நிலையில் நின்றிருக்கும். பதவிக்கு வாக்குத் தேவைப்பட்டபோது உறுதிமொழி, எதிரணிக்குப் போனதும் பிரிவினைப் பூச்சாண்டி என்பதே இருவரின் வழியும். இதில் ஏமாந்தவர்கள் தமிழர் மட்டுமல்ல. டட்லி ஒப்பந்தத்தை மக்கள் முன் வைக்கவே இல்லை. அதிகாரப் பகிர்வு ஏன் வேண்டும் என்று சிங்கள வாக்காளரிடம் நேர்மையாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை எந்த அரசும் ஏற்கவில்லை. அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் அச்சமூட்டும் பேச்சுத்தான்.

செல்வநாயகத்தின் கையிலிருந்த ஒரே முதல், பேசினால் கிடைக்கும் என்று அவர் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை. ஒவ்வொரு கைவிடலும் அதைக் கரைத்தது. பேச்சால் என்ன கண்டீர்கள் என்று இளைஞர்கள் கேட்டபோது, நாடாளுமன்ற வழியை நம்பியவர்களிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. சமஷ்டிக்காக 1949இல் கட்சி தொடங்கியவரின் காலத்திலேயே, 1976 மே 14இல், தனிநாடு கோரி வட்டுக்கோட்டைத் தீர்மானம் பிறந்தது. அப்போது அவருக்கு 78 வயது.

மறு ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியானது. ஜெயவர்தன அரசுடன் அது நடத்திய பேச்சுக்கள் மாவட்ட அபிவிருத்திச் சபைகளில் வந்து நின்றன. 1981இல் அந்தச் சபைகளுக்கான தேர்தல் எப்படி நடந்தது என்பதை அடுத்த இதழ் சொல்லும்.

(தொடரும்)