விளைபொருளின் விலையை இணையத்தில் ஆராயும் விதம்

மகசூலைப் பெருக்குவதில் மிகுந்த சிரத்தை காட்டும் விவசாயிகளில் அநேகர், அதை விற்கும் விஷயத்தில் மண்டிக்காரர் சொல்லும் விலையையே முடிவாகக் கொள்ளுகின்றனர். எட்டு ஒன்பது மாதம் நீர் பாய்ச்சி வளர்த்த மஞ்சள், ஒரு நாழிகைப் பேச்சில் நஷ்டத்திற்குக் கைமாறிவிடுகிறது. இக்குறையை நீக்கும் பொருட்டே சென்னை மாகாணத்தில் 1933-ம் வருஷத்தில் வியாபாரப் பயிர்கள் மார்க்கெட் சட்டம் இயற்றப்பட்டு, 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. இக்காலத்திலோ பல ஊர்களின் விலைகளை வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றி அறியும் வசதி இணையத்தில் உண்டு.

முதலாவது, இந்திய சர்க்கார் 2000-ம் வருஷத்தில் தொடங்கிய அக்மார்க்நெட். இதில் பொருள், மாநிலம், சந்தை, தேதி ஆகியவற்றைக் குறித்தால், வரத்தின் அளவும், குவிண்டாலுக்குக் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெருவாரி விலை ஆகிய மூன்றும் தெரியவரும். உயர்ந்த விலையைக் கண்டு மயங்குதல் கூடாது. அது நேர்த்தியான சில மூட்டைகளுக்கு மாத்திரம் கிடைத்ததாயிருக்கலாம். பெரும்பகுதிச் சரக்கு விற்ற பெருவாரி விலையையே கணக்கிற்குக் கொள்ளவேண்டும். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் விலை வேறாதலால், ரகத்தையும் தேதியையும் கவனித்தல் அவசியம்.

இரண்டாவது, 2016-ம் வருஷம் ஏப்ரல் 14-ல் தொடங்கிய ஈ-நாம் என்னும் மின்னணு ஏலச் சந்தை. மூன்றாவது, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் விதைப்புக்கும் அறுவடைக்கும் முன் வெளியிடும் விலை முன்னறிவிப்பு. இது அனுமானமேயன்றி உறுதிமொழியன்று.

ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், சென்ற மூன்று வருஷங்களில் தை முதல் பங்குனி வரை ஈரோடு, நிஜாமாபாத், சாங்லி ஆகிய இடங்களின் பெருவாரி விலையையும் வரத்தையும் ஒரு நோட்டில் எழுதி ஒப்பிடுவாராயின், விற்பதா, இருப்பு வைப்பதா என்பதை ஒருவாறு நிச்சயிக்கலாம்.

தூரத்துச் சந்தையின் விலை அதிகமென்று உடனே வண்டி ஏற்றுதலும் தவறு. உதாரணமாக, குவிண்டாலுக்கு 400 ரூபாய் அதிகம் கிடைப்பதாகக் கொள்வோம். வண்டி வாடகை 250, ஏற்றுகூலி இறக்குகூலி 60, எடைக்குறைவு முதலியன 70 ஆனால், மொத்தச் செலவு 380. மிச்சம் 20 ரூபாயே. அதற்காக இரண்டு நாள் வேலையை விடுதல் லாபமாகாது.

கைபேசியில் இவற்றைப் பார்க்க அறியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் உதவலாம். கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும், அறுவடைக் காலத்தில் வாரமொருமுறை பக்கத்துச் சந்தைகளின் பெருவாரி விலையைத் தேதியுடன் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பார்களாயின், சிறு குடியானவர்களும் விலை தெரிந்தே பேரம் பேசுவர். தெரிந்து பேசுபவரை ஏமாற்றுதல் எளிதன்று.