தறியில் பிறந்த சொல்

சேலத்து வெண்பட்டு வேட்டியைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். கையில் எடுத்துத் தடவினால்தான் சங்கதி புரியும். பாவுக்கு மேலும் கீழுமாக ஊடை இழை ஓடியிருக்கும். எங்கே நுழைந்தது, எங்கே வெளியே வந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

இதைத் தமிழில் நுணுக்கம் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு: "சட்டில்". ஸ்பெயின் நாட்டில் "ஸுதில்" என்பார்கள். இரண்டுக்கும் தாய் பழைய லத்தீன் மொழி.

லத்தீனில் "சுப்" என்றால் அடியில். "தேலா" என்றால் தறியில் இருக்கும் துணி. பாவுக்கு அடியில் ஓடும் மெல்லிய இழை! அதுதான் அந்தச் சொல்லின் மூலம் என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் கூறுகிறார்கள். முதலில் மெல்லிய துணிக்குச் சொன்னார்கள். பிறகு கூர்மையான புத்திக்கும் அதையே சொன்னார்கள்.

ஆங்கிலச் சொல்லில் "பி" என்ற எழுத்து உண்டு. எழுத வேண்டும்; சொல்லக் கூடாது. பிரெஞ்சு வழியாக வந்தபோது அந்த எழுத்து இல்லை. பின்னால் வந்த படிப்பாளிகள் லத்தீனுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அதைச் செருகிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாவம்! ஸ்பெயின்காரர்கள் அந்த எழுத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் நெசவு வாசனையை விடவில்லை. ஒரு விஷயத்தை நுட்பமாக அலசுகிறவரை "மெல்லிசாக நூற்கிறார்" என்பது அவர்கள் வழக்கு.

பாம்புக்குப் பாராட்டா?

1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ஏவாளை ஏமாற்றிய பாம்புக்கு இந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். தமிழ் பைபிளில் "தந்திரமுள்ள" என்று இருக்கிறது. அங்கே "நுட்பமான" என்று எழுதியிருந்தால், பாம்புக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்த கதையாகியிருக்கும்!

பேச்சில் வரும் நுணுக்கம் வேறு. விருந்தாளி எழுந்திருக்கும் வழியாக இல்லை. வீட்டுக்காரர், "ஏனுங்க, கடைசி பஸ் ஒன்பதரைக்குங்களே!" என்கிறார். நேரே போகச் சொல்லவில்லை. ஆனால் விருந்தாளி செருப்பைத் தேடுகிறார். இதற்குப் பெயர் நாசூக்கு. மென்மை என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. இந்துஸ்தானி வழியாக வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

சேலத்துக்குச் சொல் கவலை புதிதல்ல. அங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி 1916-ல் நண்பர்களுடன் ஒரு சங்கம் அமைத்தார். ரசாயனம், பௌதிகம், தாவரம், வானநூல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுவதே வேலை. அப்போது கல்லூரியில் விஞ்ஞானம் என்றால் ஆங்கிலம்தான். பெயர் இல்லாத பொருளைத் தாய்மொழியில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இன்று இயந்திரக் கல்விக்கெல்லாம் "தொழில்நுட்பம்" என்று பெயர். நுட்பம் என்ற சொல் இயந்திரத்தோடு போய்விட்டது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் கைத்தறியில் உட்காரப் பிள்ளைகளை அனுப்ப நெசவாளிகளுக்கே மனம் வருவதில்லை. கூலி அப்படி.

குழித்தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளியின் கை தானாக நிற்கும். முனையைத் தேடி எடுப்பார். முடிச்சுத் தெரியாதபடி விரலால் முறுக்கிச் சேர்ப்பார். வேட்டி கட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.