சட்டன் ஹூ: இல்லாத கப்பலைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் சஃபோக் கவுண்டியில் சில வருஷங்களாகப் பண்பாட்டுத் தலங்கள் வரிசையாகத் திறக்கின்றன. இப்ஸ்விச் நகரில் 2020-ல் 'தி ஹோல்ட்' என்ற ஆவணக் காப்பகம் வந்தது. ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ பிறந்த சட்பரி வீடு, புதிய காட்சிக்கூடங்களோடு 2022-ல் மறுபடி திறந்தது. ஆனால் எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது சட்டன் ஹூதான். ஏன்னா, அங்கே பார்க்க வேண்டிய முக்கியமான பொருள் அங்கே இல்லை. எங்கேயுமே இல்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெபன் ஆற்றங்கரை மேட்டில் எடித் பிரெட்டி என்ற அம்மையாரின் நிலத்தில் சில பழைய புதைமேடுகள் இருந்தன. தோண்டிப் பார்க்க பேசில் பிரவுனை அமர்த்தினார். பிரவுன் சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர், தானே படித்துத் தொல்லியல் கற்றுக்கொண்டவர். 1939-ல் பெரிய மேட்டைத் தோண்டும்போது துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று கிடைத்தது. அது கப்பல் பலகைகளை இணைக்கும் ரிவெட் என்று பிரவுனுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ரிவெட்டையும் அது கிடந்த இடத்திலேயே விட்டு, சுற்றியிருந்த மணலை மட்டும் மெதுவாக எடுத்தார்கள். சுமார் 27 மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பலின் உருவம் வெளிப்பட்டது.

உருவம் மட்டும்தான். அமிலத்தன்மை கொண்ட அந்த மணல், 1,300 வருஷத்துக்கு மேல் மரத்தைக் கரைத்துவிட்டிருந்தது. பலகைகள் இருந்த இடத்தில் நிறம் மாறிய மணல், நடுவே வரிசை வரிசையாக ரிவெட்டுகள். கப்பலுக்குள் அடக்கம் செய்யப்பட்டவரின் உடலும் அப்படியே போயிருந்தது. அவர் கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் ரெட்வால்டாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் ஊகம். தங்கம், வெள்ளி, புகழ்பெற்ற தலைக்கவசம் எல்லாம் தப்பித்தன. சட்டப்படி அவை தனக்குச் சொந்தம் என்று தீர்ப்பாகியும், எடித் பிரெட்டி மொத்தத்தையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சரி, கப்பல்? அதை வெட்டி எடுத்து லண்டனுக்குக் கொண்டுபோக முடியாது. மணலைத் தொட்டால் உதிரும். அந்த வருஷமே போர் வந்தது. தோண்டிய பள்ளத்தைத் தழை போட்டு மூடினார்கள். பிறகு அந்த இடம் இராணுவப் பயிற்சித் திடலானது. 1939-ல் கப்பலை அளந்து எடுத்த முதல் குறிப்புகளும் போர்க்காலத்தில் தொலைந்தன. 1960-களில் மறுபடி தோண்டியபோது பள்ளத்தின் வடிவம் சேதமாகியிருந்தது. மிஞ்சியதைப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து வைத்தார்கள்.

இதில் பெரிதாகக் கைகொடுத்தவர்கள் இரண்டு பள்ளி ஆசிரியைகள். மெர்ஸி லாக், பார்பரா வாக்ஸ்டாஃப் இருவரும் 1939-ல் விடுமுறையில் வந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். அந்த ஆல்பங்களை நேஷனல் டிரஸ்ட் அண்மையில் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றியிருக்கிறது. அளவுக் குறிப்பு தொலைந்த ஒரு பொருளுக்கு இந்தப் படங்கள் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அங்கே போனால் என்ன பார்க்கலாம்? 2019-ல் தலத்தைப் புதுப்பித்தபோது, முற்றத்தில் கப்பலின் முழு நீளத்துக்கு ஓர் உலோகச் சிற்பம் வைத்தார்கள். 2021-ல் 17 மீட்டர் உயரப் பார்வைக் கோபுரம் திறந்தது. மேலே ஏறினால் புதைமேடுகள் மொத்தமும், ஆறு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதும் தெரியும். அவ்வளவு பெரிய கப்பலை ஆற்றிலிருந்து அந்த மேட்டுக்கு இழுத்து ஏற்றியிருக்கிறார்கள் என்பது கோபுரத்திலிருந்து பார்த்தால்தான் உறைக்கும்.

இதைவிட சுவாரசியமானது ஆற்றின் எதிர்க்கரையில், உட்பிரிட்ஜ் ஊரில் நடக்கிறது. 'லாங்ஷெட்' என்ற கொட்டகையில் தன்னார்வலர்கள் அந்தக் கப்பலை முழு அளவில், ஓக் மரத்தில், பழைய முறைப்படி கட்டுகிறார்கள். வரைபடம் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான டிஜிட்டல் மாதிரியிலிருந்து வந்தது. சோர்ஸ் கோடு தொலைந்த புரோகிராமை, அது விட்டுப்போன லாக் ஃபைல்களை வைத்துத் திரும்ப எழுதுவது மாதிரியான வேலை இது. ரிவெட் இருந்த இடம் தெரியும். அதிலிருந்து பலகையின் அகலம், வளைவு, தடிமன் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும்.

மூலமே இல்லாதபோது நகல் கட்டுவது ஏமாற்று இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழுசாக நிற்கும் ஒரு கப்பலைப் பார்க்கிறவர், எல்லாமே உறுதியாகத் தெரியும் என்று நம்பிவிடுவார். உண்மையில் முனைக்கட்டைகளின் மேல்நுனி எப்படி இருந்தது என்பதற்குத் தடயம் கிடையாது. நடுப்பகுதியில் அடக்க அறை இருந்ததால், அங்கே துடுப்புகள் இருந்தனவா என்பதும் தெளிவில்லை. பாய்மரம் இருந்ததா? அதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் 1993-ல் பாதி அளவில் கட்டிய 'சே வில்ஃபிங்' படகு பாய் கட்டி நன்றாகவே ஓடியது.

நான் இதை நகலாகப் பார்க்கவில்லை, சோதனையாகப் பார்க்கிறேன். எத்தனை பேர் வலித்தால் கப்பல் நகரும், ஆழம் குறைந்த ஆற்றில் தரை தட்டுமா, அலையில் எவ்வளவு வளைந்து கொடுக்கும்... இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தலைக்கவசம் சொல்லாது. தண்ணீரில் இறங்கும் மரம்தான் சொல்லும். இந்தக் கப்பல் நாளைக்கு மோசமாக ஓடினாலும் அதுவும் ஒரு தகவல்தான். எங்கே ஊகம் தப்பியது என்று தேடலாம். ஒரே ஒரு நிபந்தனை: எது தடயம், எது ஊகம் என்று பார்வையாளருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் உட்பிரிட்ஜில் இறங்கி லாங்ஷெட்டைப் பாருங்கள். ரிவெட்டும் பலகையும் எப்படிச் சேருகின்றன என்று புரிந்தபின் மேட்டுக்குப் போங்கள். அப்போது கோபுரத்திலிருந்து தெரிவது வெறும் புல்மேடாக இருக்காது.